நாற்காலி கொடுத்தோம், ‘சீட்’ கொடுத்தோமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வில் வென்றவர்கள் நியமன ஆணையைக் கையில் பிடித்தபடி நிற்கும் படங்கள் நாளிதழ்களில் வெளியாகும்போதெல்லாம், அந்த முகங்களில் தெரியும் பூரிப்பு என்னையும் தொற்றிக்கொள்கிறது. கூடவே ஒரு கவலையும் எழுகிறது. அந்த ஆணையோடு ஏதோ ஓர் அலுவலகத்தின் படியேறப்போகும் இளைஞரை அங்கே எந்த மேசைக்கு அனுப்புவார்கள், அவருக்கு வேலை கற்றுக்கொடுப்பவர் யார், மதியம் அவர் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவார் என்பதெல்லாம் செய்தியாவதில்லை. இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் என்ற முறையில், படம் எடுத்து முடிந்த பிறகு நடப்பதைப் பற்றித் தங்கள் வாசகர்களிடம் சில சொல்ல விரும்புகிறேன். கடிதம் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

நுழைவாயிலைப் பொறுத்தவரை தமிழ்நாடு யாருக்கும் இளைத்ததன்று. 69 விழுக்காடு இடஒதுக்கீட்டை 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் உறுதிசெய்து, மறு ஆண்டே அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் அதைச் சேர்க்கவைத்த மாநிலம் இது. பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டில் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2009இல் வந்தது. பெண்களுக்கு 1989இல் அளிக்கப்பட்ட 30 விழுக்காடு, 40 ஆக உயர்த்தப்படும் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கு 2016ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டப்படி 4 விழுக்காடு உண்டு. இந்த எண்கள், எந்த இடம் எந்தப் பிரிவினருக்கு என்று காட்டும் இனச்சுழற்சிப் பதிவேட்டில் பிசகாமல் இருக்கின்றனவா என்று மேலிடம் பார்க்கும். பிசகியிருந்தால் நீதிமன்றம் கேட்கும். உள்ளே வந்தவருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று பார்ப்பதற்கு அப்படி ஒரு பதிவேடு கிடையாது.

அரசு அலுவலகப் பேச்சில் ‘சீட்’ என்றால் நாற்காலி ஆகாது. அ1, ஆ2, இ4 என்று எழுத்தும் எண்ணும் இட்டுப் பிரித்த வேலைப் பகுதிக்குத்தான் அந்தப் பெயர். ஓர் ஊழியர் இன்னோர் ஊழியரைச் சந்தித்தால் முதலில் கேட்பதே ‘இப்ப எந்த சீட் பாக்கறீங்க?’ என்பதுதான். பணியமைப்பு, கணக்கு, நீதிமன்ற வழக்குகள், தணிக்கைத் தடைகள் போன்ற சீட்டுகளில் இருப்பவர் விதிகளைப் படித்தே ஆக வேண்டும். கோப்பில் குறிப்பு எழுதி எழுதி அவருக்குக் கை தேறும். அவசரம் என்றால் அலுவலகத் தலைவர் அவரைப் பெயர் சொல்லி அழைப்பார். தபாலும் பதிவறையும் அப்படியல்ல. அவையும் தேவையான வேலைகள்தாம், நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். ஆனால் ஆண்டுக்கணக்கில் அங்கேயே வைக்கப்பட்டவருக்கு ஒரு கோப்பு எப்படி நகர்கிறது என்பதே தெரியாமல் போகும். யாருக்கு எது என்பதைத் தீர்மானிப்பது பணிப்பகிர்வு ஆணை. அதில் கையெழுத்திடுபவர் அலுவலகத் தலைவர். அதற்கு வரைவு எழுதிக் கொடுப்பவர் என்னைப் போன்ற கண்காணிப்பாளர். மின் அலுவலக நடைமுறை வந்து தாள் கோப்புகள் குறைந்த பிறகும், திரையில் ஒரு கோப்பை யாருக்கு அனுப்புவது என்பதை இன்னமும் மனிதர்தான் முடிவுசெய்கிறார்.

நான் பிரிவுத் தலைவராக இருந்த ஓர் அலுவலகத்திற்கு இளநிலை உதவியாளர் ஒருவர் புதிதாக வந்தார். பட்டதாரி, அவருடைய குடும்பத்தில் அரசு வேலைக்கு வந்த முதல் ஆள். வந்த முதல் நாளே ‘தம்பிக்கு எந்த ஊர்?’ என்று கேட்டார்கள். மறுநாள் ‘அந்த ஊர்ல எந்தப் பக்கம்?’ என்று கேட்டார்கள். அதற்கடுத்த நாள் குலதெய்வம் எது என்ற விசாரணை நடந்தது. வாரக் கடைசியில் எல்லாருக்கும் வேண்டிய விவரம் கிடைத்துவிட்டது. அதன் பிறகு அவரை யாரும் ஒரு சொல்லும் தவறாகப் பேசவில்லை என்பதை நான் சத்தியம் செய்தே சொல்லலாம். மாதாமாதம் தேநீருக்குப் பணம் பிரிக்கும் பட்டியலில் அவர் பெயர் சேரவில்லை. ஏன் சேரவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை. மதியம் நான்கு மேசைகளை ஒன்றாக இழுத்துப் போட்டு எங்கள் பிரிவு சாப்பிடும். அவர் தம் டப்பாவை எடுத்துக்கொண்டு பதிவறைக்குப் போய்விடுவார். ‘தனியா இருக்கறதுதான் அவருக்குப் பிடிக்கும்’ என்று நாங்களே ஒரு முடிவுக்கு வந்திருந்தோம்.

அவருக்குத் தபாலையும் பதிவறையையும் ஒதுக்கியது நான்தான். ‘புதியவர், கொஞ்ச நாள் பழகட்டும்’ என்பது காரணம். அந்தக் கொஞ்ச நாள் இரண்டு ஆண்டு நான்கு மாதமாயிற்று. இதற்கிடையே பவானிசாகர் அரசுப் பயிற்சி நிலையத்தின் அடிப்படைப் பயிற்சிக்கு அவர் பெயர் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் ‘அலுவலகத்தில் ஆள் பற்றாக்குறை’ என்று எழுதி விடுவிப்பைத் தள்ளிப்போட்டோம். அவருக்குப் பின்னால் வந்த ஒருவரை அதே ஆள் பற்றாக்குறையிலும் விடுவித்தோம். அந்தப் பயிற்சி முடியாமல் தகுதிகாண் பருவம் முடியாது. அது முடியாமல் உதவியாளர் பதவி உயர்வுக்குப் பெயர் போகாது. எங்கள் அலுவலகத்தில் அதை அறியாதவர் இல்லை. ஒருநாள் தபால் பையோடு என் மேசை அருகே நின்று, ‘சார், எனக்கு எப்ப சார் சீட் கொடுப்பீங்க?’ என்று கேட்டார். ‘பாக்கலாம் தம்பி’ என்றேன்.

நான் சாதி பார்க்கிறவன் அல்லன் என்று அன்று மனதார நம்பினேன். நான் எழுதிக் கொடுத்த பணிப்பகிர்வு வரைவுகளை வரிசையாக அடுக்கிப் பார்க்கும் ஒருவர் அதை நம்பமாட்டார்.

இத்தகைய ஒதுக்கலுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்ல முடியாது. தீண்டாமையை ஒழித்த அரசமைப்பின் 17ஆம் பிரிவு இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தம், ஒருவரோடு வழக்கமாகக் கொள்ளும் உறவைத் தவிர்ப்பதையும் அவரை மற்றவர்களிடமிருந்து தனிமைப்படுத்துவதையும் சமூகப் புறக்கணிப்பு என்றே வரையறுக்கிறது. ஆனால் தேநீர்ப் பட்டியலில் பெயர் இல்லை என்று எந்தக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பது? வாய்விட்டு இழிவாகப் பேசினால்கூட, அது பொதுமக்கள் பார்வை படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். திருச்சி மாவட்டத்தில் வருவாய் ஆய்வாளர் ஒருவரை அவருடைய அலுவலக அறையில் மனுதாரர் ஒருவர் சாதியைச் சொல்லித் திட்டினார் என்ற வழக்கை, நான்கு சுவருக்குள் நடந்தது பொதுப் பார்வையில் நடந்ததாகாது என்று கூறி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் ரத்து செய்தது. நீதிமன்றத்தைக் குறை சொல்வது என் நோக்கமன்று. சட்டத்தில் உள்ள சொற்களைத்தான் அது படித்தது. அந்த நான்கு சுவருக்குள் தினமும் இருப்பவரும், நடப்பதைத் தடுக்கும் அதிகாரம் உள்ளவரும் அலுவலகத் தலைவர் ஒருவரே என்பதைச் சுட்டவே இதைக் குறிப்பிடுகிறேன்.

மேலே இருப்பவர் நல்லவராக இருந்தால் போதும் என்று நம்புபவர்கள் பரோடாவை நினைத்துப் பார்க்கலாம். இளைஞர் அம்பேத்கர் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் செல்ல உதவித்தொகை அளித்தவர் பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ். சீர்திருத்தத்தில் நாட்டம் கொண்டவர் என்பதில் ஐயமில்லை. படிப்பு உதவிக்கு ஈடாக அந்தச் சமஸ்தானத்தில் பணியாற்ற 1917இல் அம்பேத்கர் வந்து சேர்ந்தபோது, கணக்காயர் அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைக் கையில் கொடுக்காமல் மேசைமீது எறிந்தார்கள் என்று அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். தங்க இடம் தர ஆளில்லை; அடையாளத்தை மறைத்துப் பார்சி விடுதி ஒன்றில் தங்கியவரைப் பதினோராம் நாள் கம்போடு வந்து நின்று வெளியேற்றினார்கள். மன்னரின் நல்லெண்ணம் அரண்மனையில் இருந்தது. அலுவலகத்தில் இருந்த மேலதிகாரிகளுக்கு, புதிதாக வருபவருக்கு மேசையோடு மரியாதையும் கிடைக்கிறதா என்று பார்ப்பது தங்கள் வேலையாகவே தோன்றவில்லை போலும். நூறு ஆண்டு கடந்தும் நம் அலுவலகத் தலைவர்களில் பலர் அந்த இடத்திலேயே நிற்கிறார்கள்.

இன்னொரு பழக்கம் இதைவிட மோசமானது. பிரச்சினை வெளியே தெரிந்துவிட்டால், பாதிக்கப்பட்டவரை இடமாற்றிவிட்டு ‘சுமுகமாக முடித்தாயிற்று’ என்று அறிக்கை அனுப்புவது. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசியை அடுத்த திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சத்துணவுச் சமையலராக வந்த பெண் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பதால் அவர் சமைக்கக் கூடாது என்று ஊரில் சிலர் தகராறு செய்தார்கள். வட்டார வளர்ச்சி அலுவலகம் உடனே ஓர் ஆணை போட்டது. தகராறு செய்தவர்கள்மீது அல்ல, அந்தப் பெண்ணைப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பி. எதிர்ப்பு எழுந்தது, சார் ஆட்சியர் தலையிட்டு இடமாற்றத்தை ரத்து செய்தார், அவர் அதே பள்ளியில் தொடர்ந்தார். வழக்கு ஏழு ஆண்டு நடந்து, 2025இல் ஆறு பேருக்குத் தண்டனை கிடைத்தது. ஒரே நிர்வாகத்தில் சில நாள் இடைவெளியில் இரண்டு அதிகாரிகள் இரண்டு விதமாக முடிவெடுத்தார்கள். இருவர் கையிலும் இருந்தது ஒரே விதிமுறைதான். முதலாமவர் சாதி வெறியர் என்று நான் எண்ணவில்லை. பதற்றம் தணிய வேண்டும் என்று நினைத்திருப்பார். யாரை நகர்த்தினால் எதிர்ப்பு வராது என்று பார்த்திருப்பார். நானும் என் பணிக்காலத்தில் அப்படிச் சில குறிப்புகளை எழுதியிருக்கிறேன்.

பெண்களின் புகார்களிலும் இதே கதை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறையாத அலுவலகங்களில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். பல இடங்களில் அது அறிவிப்புப் பலகையில் மட்டும் இருக்கிறது. விசாரணைக் காலத்தில், பாதிக்கப்பட்ட பெண் எழுதிக் கேட்டால், அவரையோ எதிர்மனுதாரரையோ மாற்றும்படி குழு பரிந்துரைக்கலாம் என்கிறது அச்சட்டம். நடைமுறையில் அவர் கேட்காமலே, ‘உங்க நல்லதுக்குத்தாம்மா’ என்ற சொல்லோடு அவரே வேறு பிரிவுக்கு அனுப்பப்படுகிறார்.

நாற்காலிகூட மறுக்கப்பட்ட நிகழ்வும் நம்மிடம் உண்டு. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் அமர்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் 2020 அக்டோபரில் வெளியாகி நாட்டையே தலைகுனிய வைத்தது. ஊராட்சிச் செயலாளர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டு, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று இதே மாநிலம் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. துணிக்கடை ஊழியருக்குச் சட்டம் போட்டு இருக்கை தந்த மாநிலத்தில், ஓர் ஊராட்சித் தலைவருக்கு நாற்காலி கிடைக்க ஒரு புகைப்படம் வெளியாக வேண்டியிருந்தது.

மாற்றுத்திறனாளி ஊழியர்களை ஒதுக்குவது பெரும்பாலும் இரக்கத்தின் பெயரால் நடக்கிறது. ‘பாவம், அவருக்கு எதுக்குச் சிரமம்?’ என்று சொல்லியே காது கேளாதவரை ஆய்வுக் கூட்டங்களுக்கு அழைப்பதில்லை. கால் ஊனமுற்றவரைக் களப்பணிக்கு அனுப்புவதில்லை. பிறகு பொறுப்பான வேலை என்று வரும்போது ‘அவருக்கு அனுபவம் போதாது’ என்று எழுதுகிறோம். 2016ஆம் ஆண்டுச் சட்டம் கோரும் சமவாய்ப்புக் கொள்கையையும் குறைதீர் அலுவலரையும் பற்றிக் கேட்டால் தெரியாது என்பவர்களே அதிகம். இங்கே ஒரு சிறு செய்தியைச் சொல்லாமல் விட மனமில்லை. பார்வையற்ற ஊழியர் ஒருவர் கணினித் திரையில் உள்ளதை ஒலியாக வாசிக்கும் மென்பொருளின் உதவியோடு வேலை செய்துவந்தார். எங்கள் அலுவலகக் கடிதங்களோ பழைய வானவில் எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. மென்பொருள் அவற்றைப் பொருளற்ற ஒலிகளாக வாசித்தது. யூனிகோட் எனப்படும் ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது 2010இல். அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின்பும் நாங்கள் பழைய எழுத்துருவை விடவில்லை, தட்டச்சுப் பழகிய கை என்பதற்காக. கோப்புகளைப் பக்கத்து மேசைக்காரர் படித்துக் காட்டுவார். அவர் விடுப்பில் போனால் இவருக்கு வேலை இல்லை. ‘அவரால முடியாதுங்க’ என்று அலுவலகமே சொல்லிக்கொண்டிருந்தது.

அதை மாற்றியவர் மாறுதலில் வந்த ஒரு பெண் அதிகாரி. இனி ஒருங்குறியில் இல்லாத வரைவில் கையெழுத்திடமாட்டேன் என்று அவர் வாய்மொழியாகச் சொன்னார். மூன்று வாரத்தில் அலுவலகம் முழுதும் மாறியது, ஒரு ரூபாய் செலவில்லாமல். அவர் வந்த முதல் நாள் கேட்ட கோப்பு பணிப்பகிர்வு ஆணைதான். யார் எந்தச் சீட்டில் எத்தனை நாளாக இருக்கிறார்கள் என்று தேதியோடு எழுதித் தரச் சொன்னார். என் கையால்தான் எழுதிக் கொடுத்தேன். இரண்டு ஆண்டு நான்கு மாதம் என்று எழுதும்போதுதான் அது எவ்வளவு காலம் என்று எனக்கே உறைத்தது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அடுத்த சுற்றுப் பயிற்சிக்கு அந்த இளைஞரை விடுவிக்கும் ஆணையைத் தாமே அடித்துக் கையெழுத்திட்டார். இளைஞர் திரும்பி வந்ததும் கணக்குச் சீட்டைக் கொடுத்து, ஆறு மாதம் கூடவே இருந்து கற்றுக்கொடுக்கும் பொறுப்பை எனக்கு எழுத்து மூலமாகத் தந்தார். மதிய உணவைச் சில நாள் பதிவறையில் வந்து சாப்பிட்டார். மேசைகள் தாமாகவே இடம் மாறின. ‘மேடம் ஒருபக்கமாப் போறாங்க’ என்ற பேச்சு எழாமல் இல்லை. அவர் எந்தச் சமூகம் என்பதையும் எங்கள் அலுவலகம் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டது. வாசகர்கள் அதை அறிய வேண்டியதில்லை.

‘முக்கியமான சீட்டில் அனுபவமில்லாதவரை வைத்தால் வேலை கெட்டுவிடும்’ என்று அனுபவமுள்ள அதிகாரிகள் சொல்வார்கள். அனுபவத்தை எங்கிருந்து கொண்டுவருவது என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். ‘எதற்கெடுத்தாலும் சாதியை இழுக்கிறார்கள்’ என்ற குறையில் ஓரளவு உண்மை உண்டு. என்னிடம் வந்த புகார்களில் சில, விடுப்புத் தகராறு அளவுக்குமேல் தேறாதவை. தபாலில் இருப்பவர் எல்லாரும் ஒதுக்கப்பட்டவரும் அல்லர். யாருக்கு எந்த வேலை, எப்போதிலிருந்து, ஏன் என்பது எழுத்தில் இருந்தால், வீண் குற்றச்சாட்டிலிருந்து அதிகாரியையும் அதுவே காப்பாற்றும்.

பள்ளிகளில் மாணவரிடையே சாதி உணர்வைக் களைய நீதியரசர் கே.சந்துருவின் ஒருநபர் குழு அமைக்கப்பட்டு, 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் கையில் கட்டும் வண்ணக் கயிறு வரை ஆராய்ந்த நாம், அவனுடைய ஆவணங்களில் கையெழுத்திடும் அலுவலகங்களுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. இன்னொரு குழு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆண்டுதோறும் நடக்கும் அலுவலக ஆய்வின் படிவத்தில் ஒரு பக்கம் கூடுதலாகச் சேர்த்தால் போதும். கடந்த மூன்று ஆண்டுகளின் பணிப்பகிர்வு ஆணைகள், ஒவ்வொருவரும் ஒரே சீட்டில் இருந்த காலம், பயிற்சிக்குப் பெயர் வந்த தேதியும் விடுவிக்கப்பட்ட தேதியும் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். புகார் கொடுத்தவர் ஆறு மாதத்துக்குள் இடமாற்றப்பட்டிருந்தால், அது அவர் எழுதிக் கேட்டதா என்பதும், இல்லையெனில் என்ன காரணம் என்பதும் மேலதிகாரியின் கையெழுத்தோடு அதில் இருக்க வேண்டும். கண்காணிப்பாளராகப் பதவி உயர்வு பெறுபவருக்கு விதிகளைக் கற்பிக்கும் பயிற்சியில், பணிப்பகிர்வு எழுதுவது எப்படி என்று ஒரு பொழுதாவது ஒதுக்கப்பட வேண்டும். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, எனக்கு முன் இருந்தவர் செய்ததைப் பார்த்துச் செய்தேன்.

வெளிமுகமை மூலம் வரும் தூய்மைப் பணியாளர்களை இந்தக் கடிதத்தில் நான் சேர்க்கவில்லை. அவர்களுக்குப் பணிப்பகிர்வு ஆணையிலேயே பெயர் இல்லை; அது தனியாக எழுதப்பட வேண்டிய செய்தி.

அந்த இளைஞர் இப்போது வேறொரு மாவட்டத்தில் உதவியாளராக இருக்கிறார். அவரோடு ஒரே நாளில் பணியில் சேர்ந்தவர்கள் அவருக்கு முன்பே அந்தப் பதவிக்குப் போய்விட்டார்கள். பணிமூப்பைக் காட்டும் முதுநிலைப் பட்டியலில் இழந்த அந்த இடங்களை மீட்டுத் தரும்படி அவர் மேல்முறையீடு செய்திருக்கிறார். பயிற்சிக்கு விடுவிக்காத இரண்டு குறிப்புகளின் நகலும் அதில் இணைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டிலும் கீழே இருப்பது என் கையெழுத்து. அவை தவறானவை என்று எழுதிக் கொடுக்க நான் இசைந்திருக்கிறேன். மனிதவள மேலாண்மைத் துறை அந்த மனுவைப் பரிசீலிக்கும்போது, ஆய்வுப் படிவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு அலுவலகக் கண்காணிப்பாளர்,
விழுப்புரம்.